வளைவில் நிற்கும் தண்ணீர்

ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11ஆம் தேதி காலையில் நடந்ததை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக் கழிவறைக்குப் போன ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். அதே பகுதியில் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியும் மயங்கினாள். மூவருமே பிழைக்கவில்லை. பாதாள சாக்கடையில் உண்டான விஷவாயு கழிவறைக் குழாய் வழியே வீட்டுக்குள் ஏறியதுதான் காரணம்.

செய்தியைக் கேட்டதும் எனக்கு ஐம்பத்தைந்து ஆண்டுக்கு முந்தைய பிரெஞ்சு வகுப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் பாம்பு படுத்ததுபோல் ஒரு குழாயை வரைந்து, அதன் பள்ளத்தில் நீலச் சாக்பீஸால் தண்ணீர் தீட்டினார். 'சிஃபோன்' என்றார். மேலே மனிதன், கீழே சாக்கடை, நடுவில் இந்தத் தண்ணீர்தான் காவல்காரன் என்றார். பரீட்சைக்குப் படித்தேன், மதிப்பெண் வாங்கினேன், மறந்துவிட்டேன்.

அந்த வளைவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நம்மூர் பிளம்பர்கள் 'எஸ் டிராப்' என்பது அதைத்தான். பாரிசில் 1894 ஜூலை 10ஆம் தேதிச் சட்டம், எல்லா வீட்டுக் கழிவறைகளையும் தெருச் சாக்கடையோடு இணைக்க வேண்டும் என்றது. மூன்று வருடம் கெடு. செலவு யார் தலையில் என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். சாக்கடை சர்க்காருடையது, வீட்டுக்குள் இருக்கும் குழாய் சொந்தக்காரனுடையது என்ற கோடு அப்படித்தான் விழுந்தது. அந்தக் கோட்டில்தான் இன்றைக்கும் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

நம் ஊரில் தண்ணீர் முதலில் வந்தது. முத்திரப்பாளையத்து நீரை மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரத்துக்குக் கொண்டுவந்த கதையை ஆயி மண்டபம் இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வீடு பாதாள சாக்கடை வந்தது வெகு காலம் கழித்து. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருந்தது. கூடையும் வாளியுமாக ஒரு அம்மா பின் சந்து வழியாக வந்து எடுத்துப் போவார். அந்த அநியாயத்தைத் தடை செய்து நாட்டில் சட்டம் வந்ததே 1993இல்தான். ஆனால் அந்தக் கக்கூஸில் வாயு தேங்காது. மேலே வானம் இருந்தது.

பிறகு கக்கூஸ் கொல்லையை விட்டுப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வந்தது. செப்டிக் டேங்க் போய்த் தெரு மேன்ஹோல் வந்தது. அத்தனை வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் ஓடும்போது, அத்தனை வாயுவுக்கும் நம் வீடு ஒரு வழிதான். குறுக்கே இருப்பது இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும்.

காற்றுப் படாமல் கழிவு தேங்கினால் அதிலுள்ள கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம். அதற்கும் பல மடங்கு மேலே போனால் சில மூச்சுகளில் ஆள் விழுவார்; காப்பாற்றப் போகிறவரும் விழுவார்.

சமையல் காஸ் விஷயத்தில் உலகம் பாடம் படித்துவிட்டது. 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில், வாசனையற்ற எரிவாயு கசிந்து பள்ளிக்கூடமே வெடித்தது. இறந்தவர்கள் சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றப் பொருள் கலப்பது அங்கே சட்டமானது. நம் சிலிண்டரிலும் கலக்கிறார்கள். கசிந்தால் 1906க்குப் போன் போடலாம். பிரான்சில் 15 வருடத்துக்கு மேற்பட்ட காஸ் குழாய் உள்ள வீட்டை விற்கச் சோதனைச் சான்று வேண்டும் என்று 2007 முதல் விதி. சொல்தாவாகப் போய் அங்கேயே தங்கிவிட்ட என் அண்ணன், பிளாட்டை விற்றபோது சான்று இல்லாமல் நொத்தேர் கையெழுத்தே போடவிடவில்லை என்று அலுத்துக்கொண்டார். நான் சிரித்தேன்.

சிரித்த நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குச் சாக்கடை இணைப்பு வாங்கியபோது, எல்லாம் முறைப்படி இருக்கிறது என்ற தாளைப் பிளம்பர் நீட்டினார். திண்ணையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து, ஒரு இனிஷியல் குறைந்தால்கூடக் கோப்பைத் திருப்பி அனுப்பியவன் நான். தாளைப் பார்க்கத் தெரிந்தது. குழாயைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

மாடியில் ஒரு இளம் தம்பதி குடியிருந்தார்கள், கைக்குழந்தையோடு. "அங்கிள், பாத்ரூம்ல நாத்தம் வருது" என்று அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை சொன்னாள். "பினாயில் ஊத்தும்மா" என்றேன்.

புதுநகர்ச் செய்தி வந்த மறுநாள் வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் சேம்பர் மூடியைத் திறந்தார், மாடிக்குப் போனார், இறங்கி வந்தார். "சார், கக்கூஸ் கோப்பைக்கு டிராப் இருக்கு. குளிக்கிற தண்ணி போற பைப்புக்கு இல்ல, நேரா சேம்பர்ல விட்டிருக்காங்க. வென்ட் பைப்பும் பாதியிலயே நிக்குது" என்றார். கீழே துணி துவைக்கும் இடத்து நானி டிராப்பில் உள்கிண்ணத்தையே காணோம். எங்கே போயிற்று என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் மெதுவாகப் போகிறதென்று கழற்றி எறிந்தவன் நான்தான்.

இரண்டு நாள் வேலை. மாடிக்கு ஏறிப்போய் அந்தப் பெண்ணிடம், "நீ சொன்னது சரிம்மா, நான்தான் கேக்கல" என்றேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "பரவால்ல அங்கிள்" என்றாள். அந்தப் 'பரவால்ல' இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

வீட்டுச் சொந்தக்காரர்களான என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வடிகாலிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே தண்ணீர் மின்ன வேண்டும். வென்ட் பைப் மாடித் தளத்துக்கு மேலே வரை போகிறதா என்று பாருங்கள். பிரான்சில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுச் சாவி நம்மில் பலரிடம் இருக்கிறது. மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் வளைவுத் தண்ணீர் வற்றிப் போகும். மாதம் இரண்டு முறை போய் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். குடியிருப்பவர் நாற்றம் என்று சொன்னால் பினாயில் என்று பதில் சொல்லாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.