ஓமனத்திங்கள்: ஒரு தாலாட்டின் வரலாறு

‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்று தொடங்கும் மலையாளத் தாலாட்டு, 1813-இல் திருவனந்தபுரம் அரண்மனையில் பிறந்த ஒரு குழந்தைக்காக இயற்றப்பட்டது. தாலாட்டை மலையாளிகள் ‘தாராட்டு’ என்பார்கள். இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னும், இந்தத் தாராட்டைக் கேட்டதும் தன் பாட்டியையும் பிறந்த வீட்டையும் நினைத்துக்கொள்ளும் மலையாளிகள் ஏராளம். அரச குடும்பத்தின் பாட்டு ஊராரின் பாட்டாக மாறிய கதை இது.

அன்றைய திருவிதாங்கூர் நெருக்கடியில் இருந்தது. 1809-இல் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துத் தோற்று உயிர்விட்டார். மறு ஆண்டு பலராம வர்மா மகாராஜா காலமானார். சகோதரியின் மகனுக்கு உரிமை போகும் மருமக்கள் வழியில் பட்டத்துக்கு உரிய ஆண் வாரிசு இல்லாததால், இருபது வயதுகூட நிரம்பாத கௌரி லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவே 1811 முதல் திவானாகவும் இருந்தார். 1813 ஏப்ரல் 16 அன்று, சுவாதி நட்சத்திரத்தில், ராணிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறக்கும் முன்பே அரசுரிமை பெற்றவர் என்பதால் ‘கர்ப்ப ஸ்ரீமான்’ எனப் பெயர்பெற்ற அந்தக் குழந்தைதான் பின்னாளில் சுவாதித் திருநாள் மகாராஜா. ராணியின் விருப்பப்படி கவிஞர் இரையிம்மன் தம்பி இந்தத் தாராட்டை எழுதினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது, 1815-இல், ராணி காலமானார். அவருடைய தங்கை கௌரி பார்வதி பாய் பொறுப்பேற்று, 1829-இல் சுவாதித் திருநாளிடம் ஆட்சியை ஒப்படைத்தார்.

இரையிம்மன் தம்பி (1782–1856) கரமனையில் பிறந்தவர், இயற்பெயர் ரவிவர்மன். தாய்வழியில் அரச குடும்பத்துக்கு உறவினர். கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலம் தொடங்கி உத்திரம் திருநாள் மகாராஜா காலம் வரை அரண்மனையின் அன்புக்கு உரியவராக இருந்தார். ‘கீசகவதம்’, ‘உத்தராஸ்வயம்வரம்’, ‘தட்சயாகம்’ ஆகிய மூன்று ஆட்டக்கதைகளை அவர் எழுதினார். கதகளி மேடையில் அவை இன்றும் ஆடப்படுகின்றன. கீர்த்தனைகளும் பதங்களும் வேறு. இருந்தும், கதகளியும் கச்சேரியும் பார்த்திராத வீடுகளில்கூட அவரைக் கொண்டுசேர்த்தது இந்த ஒரு தாராட்டுதான்.

பாட்டின் அமைப்பு எளிமையானது. குழந்தையைப் பார்த்துத் தாய் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிறாள். நிலவு, தாமரை, தேன், மயில், குயில், துள்ளும் மான்குட்டி என்று தொடங்கும் உவமைகள் நாற்பது அளவில் வருகின்றன. அரண்மனைக்கு ஏற்ற பொற்பேழையும் முத்தும் அவற்றில் உண்டு. அவற்றோடு இருட்டில் வைத்த விளக்கு, சுண்டக் காய்ச்சிய பால், கல்கண்டு, வழிநடையின் களைப்பைப் போக்கும் நிழல் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. ‘உறங்கு’ என்ற சொல் பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. கடைசியில், இந்தக் குழந்தை பத்மநாபனின் அருளோ என்று திருவனந்தபுரத்தின் தெய்வத்திடம் பாட்டு வந்து சேர்கிறது.

தமிழ்த் தாலாட்டுடன் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். தமிழ்நாட்டு நாட்டுப்புறத் தாலாட்டில் அழும் குழந்தையிடம் யார் அடித்தது என்று கேட்டு, மாமன், அத்தை, பாட்டி என உறவுகளை வரிசையாகச் சொல்வார்கள். அது அந்தந்தக் குடும்பத்தின் பாட்டு. குலசேகர ஆழ்வார் ராமனுக்குப் பாடிய தாலாட்டும் தயரதன், கோசலை, சனகன் என்று உறவுமுறை சொல்லியே பாடப்படுகிறது. ‘ஓமனத்திங்க’ளிலோ மாமன் பெயர் இல்லை, அரசர் பெயரும் நாட்டின் பெயரும்கூட இல்லை. அதனால் எந்த வீட்டுக் குழந்தைக்கும் இதை ஒரு சொல்லும் மாற்றாமல் பாட முடிந்தது.

இசையும் இதற்குத் துணைநின்றது. பாட்டு குறிஞ்சி ராகத்திலும் நவரோஜிலும் பாடப்படுகிறது. இரண்டும் சங்கராபரணத்தின் சேய் ராகங்கள். குறிஞ்சி மத்திம ஸ்தாயி தைவதத்தைத் தாண்டி மேலே போவதில்லை; நவரோஜ் மந்தர பஞ்சமத்துக்கும் மத்திம ஸ்தாயி பஞ்சமத்துக்கும் இடையிலேயே நின்றுவிடும். மேல்ஸ்தாயி சட்ஜத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை. தொட்டிலை ஆட்டியபடி, பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பாத தணிந்த குரலில், இசைப் பயிற்சி இல்லாதவரும் பாட இதைவிட வசதியான அமைப்பு வேண்டியதில்லை.

முதலில் இந்தப் பாட்டு வாய்வழியாகவே வீடுகளுக்குள் பரவியது. இரையிம்மன் தம்பியின் மகள் குட்டிக்குஞ்ஞுத் தங்கச்சி (1820–1904) ஆட்டக்கதைகளும் திருவாதிரைப் பாட்டுகளும் எழுதி, மலையாள இலக்கியத்தின் முன்னோடிப் பெண் கவிஞர்களில் ஒருவரானார். பெண்கள் கூடிப் பாடும் திருவாதிரைப் பாட்டைப் போலவே தாராட்டும் பெண்களின் வழியாகக் கைமாறி வந்தது. நாயர் தறவாடுகளில், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீடுகளில், பாட்டி, அவளுடைய பெண்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். ஒரு குழந்தை தொட்டிலை விட்டு இறங்கும் முன் அடுத்த குழந்தை வந்துவிடும். ஆகவே ஒருவர் நினைவில் தங்கியிருப்பது பெரும்பாலும் தனக்குப் பாடிய தாராட்டு அல்ல. தம்பிக்கோ சித்தியின் குழந்தைக்கோ பாடியபோது பக்கத்தில் படுத்துக் கேட்டது.

1925-ஆம் ஆண்டின் நாயர் சட்டம் திருவிதாங்கூரில் தறவாட்டுச் சொத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரிக்க வழிசெய்தது. கூட்டுக்குடும்ப முறையை ஒழிக்கும் கேரளச் சட்டம் 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீடுகள் பிரிந்தன, பல இடிக்கப்பட்டன. பங்கு பிரிக்க முடியாத சொத்தாகப் பாட்டு எல்லோரிடமும் எஞ்சியது.

பாட்டு நினைவைத் தூண்டுவதற்கு உடலியல் காரணமும் உண்டு. கருவின் ஆறாம் மாத அளவிலேயே குழந்தைக்கு ஒலி கேட்கத் தொடங்குகிறது. தாயின் குரலை அது பிறந்தவுடன் அடையாளம் கண்டுகொள்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் ஜனாட்டா 2009-இல் வெளியிட்ட ஆய்வு, பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையின் முன்பகுதியில் இசையும் சொந்த வாழ்க்கை நினைவும் ஒன்றுசேரும் பகுதி செயல்படுவதைக் காட்டியது. ஒரு மெட்டு காதில் விழுந்ததும் அதைப் பாடியவர், பாடிய அறை, அன்றைய பொழுது எல்லாம் சேர்ந்து எழுவது இதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டில் பாட்டு வீட்டுக்கு வெளியேயும் ஒலித்தது. திருவனந்தபுரத்தில் 1943-இல் வானொலி நிலையம் தொடங்கியது. 1950-இல் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்தன. மோகினியாட்ட மேடையிலும் பாட்டு இடம்பெற்றது. ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்துக்காகப் பாம்பே ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது, அதன் தொடக்க வரிகள் ‘ஓமனத்திங்க’ளின் மொழிபெயர்ப்பு என்று இரையிம்மன் தம்பி நினைவு அறக்கட்டளை கூறியது, ஜெயஸ்ரீ அதை மறுத்தார். 1813-இல் எழுதிய ஒரு தொட்டில் பாட்டுக்காக 2013-இல் விவாதம் எழுந்ததே, கேரள வீடுகள் அதை இன்னும் தங்கள் சொந்தப் பாட்டாகக் கருதுகின்றன என்பதற்குப் போதிய சான்று.