பாட்டனார் வாக்கும் பேரப்பிள்ளையின் நஸபும்

இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நெடுந்தொலைவன்று. நூற்பாலைகள் நிறைந்த ஊரிலிருந்து கோபுரம் உயர்ந்த ஊருக்குச் செல்லும் அப்பாதையில், வழக்கின் பொருட்டுச் செல்வோரும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் அமைந்துள்ளது.

குடும்ப வழக்குகளுள் நெஞ்சை உருக்குவது ஒன்றுண்டு. மகன் இறந்துவிடுகிறான். அவன் பிள்ளை என்று ஒரு குழந்தையை ஏந்தி ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். "இது என் பேரன்தான்" என்கிறார் பாட்டனார். "அன்று" என்கின்றனர் உடன்பிறந்தார். விடை சொல்ல வேண்டியவனோ கப்றில் உறங்குகிறான். இத்தகைய வழக்கை நம் முன்னோர் எவ்வாறு தீர்த்தனர் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது பெருமானார் (ஸல்) அவர்களின் முன் இவ்வகை வழக்கொன்று வந்தது. ஜம்ஆ என்பாரின் அடிமைப் பெண் ஈன்ற சிறுவன் தனக்கே பிறந்தவன் என்று உத்பா தம் உடன்பிறந்தாராகிய ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் சொல்லியிருந்தார். ஜம்ஆவின் மகன் அப்து என்பாரோ, "இவன் என் தந்தையின் படுக்கையில் பிறந்தவன், என் தம்பி" என்றார். சிறுவனின் சாயல் உத்பாவை ஒத்திருந்ததைப் பெருமானார் கண்டார்கள். ஆயினும் சிறுவனை அப்துவுக்கே உரியவனாக்கினார்கள். அதே வேளையில், ஜம்ஆவின் மகளாகிய தம் துணைவியார் ஸவ்தா (ரலி) அவர்களை அச்சிறுவன் முன் திரையிட்டுக் கொள்ளுமாறும் பணித்தார்கள். சாயலைக் காணாமலும் இல்லை. சாயலுக்காகக் குழந்தையின் நஸபை அறுக்கவும் இல்லை.

இத்தீர்ப்பிலிருந்து இமாம்கள் வெவ்வேறு விதிகளை வகுத்தனர். இறந்தவரின் வாரிசுகள் அனைவரும் ஒருமித்து ஏற்பின் நஸபு நிலைபெறும் என்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனபி மத்ஹபோ, தன் மகன் என்று ஒருவன் சொல்வதை ஏற்கும். பேரன் என்று பாட்டனார் மட்டும் சொல்வதைக் கொண்டு நஸபை நிறுவாது. ஏனெனில் அவர் தம்மீதன்று, தம் மகன்மீதே ஓர் உறவைச் சுமத்துகிறார். நம் கடற்கரை மரைக்காயர் பெரும்பாலும் ஷாபிஈ. உள்நாட்டு இராவுத்தர் பெரும்பாலும் ஹனபி. ஆகவே ஒரே கேள்விக்குக் காயல்பட்டினத்தில் ஒரு விடையும் இராசபாளையத்தில் வேறு விடையும் கிடைத்தல் கூடும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்விதிகள் நீதிமன்றம் ஏறின. 1888-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஸையித் மஹ்மூத், தந்தையின் ஒப்புதலாகிய இக்ராரைப் பற்றி விரிவானதொரு தீர்ப்பு எழுதினார். திருமணம் நிகழ்ந்ததா என்ற ஐயத்தை இக்ரார் தீர்க்கும். நிகழவில்லை என்பது தெளிவானபின் அது பயன்படாது என்பது அதன் சாரம். 1921-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு வங்காளத்துப் போக்ரா நவாபின் குடும்ப வழக்கு சென்றது. நவாபு மறைந்தபின், தாம் அவருடைய மகன் என்று ஹபீபுர் ரஹ்மான் வாதிட்டார். எதிர்த்து நின்றவர் நவாபின் மகள்வழிப் பேரர் அல்தாப் அலி. திருமணம் நிறுவப்படாமையால் ஹபீபுர் ரஹ்மானின் வழக்குத் தோற்றது.

நாட்டின் பொதுச் சட்டமும் குழந்தையின் பக்கமே சாய்கிறது. திருமணம் நிலைத்திருக்கையிலோ, கணவன் இறந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் புரியாதிருக்கையிலோ பிறந்த பிள்ளை அக்கணவனுடையதே என்றது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அவ்விதி புதிய சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவாக வழங்குகிறது.

இன்று விஞ்ஞானமும் சாட்சி சொல்ல வந்துள்ளது. 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகையைக் கண்டறிந்தார். மறு ஆண்டே, தந்தை வந்து நிற்காத கானா நாட்டுச் சிறுவன் ஒருவனின் குடியேற்ற வழக்கில், தாயின் குருதியையும் உடன்பிறந்தாரின் குருதியையும் கொண்டே உறவு நிறுவப்பட்டது. தந்தை மறைந்தாலும் வழி அடைபடுவதில்லை. மகனின் மகன் பாட்டனாரின் ஒய் குரோமோசோமைப் பெறுகிறான். மகனின் மகள் பாட்டியாரின் எக்ஸ் குரோமோசோமில் பங்கு பெறுகிறாள். ஆயினும் சிற்றப்பனுக்கும் அதே ஒய் உண்டாதலால், அஃதொன்றே முடிந்த முடிபாகாது. குருதிச் சோதனையை வழக்கமாக ஆணையிடலாகாது என்று 1993-இல் உச்சநீதிமன்றம் எச்சரித்ததும் நினைவிற்குரியது.

நஸபு நிலைபெற்றபின்னும் ஒரு துயரம் எஞ்சுகிறது. பாட்டனாருக்கு வேறு மகன் உயிரோடிருப்பின், தந்தையை இழந்த பேரனுக்கு வாரிசுப் பங்கு இல்லை. எகிப்து 1946-லும் பாகிஸ்தான் 1961-லும் சட்டத்தால் இதற்குப் பரிகாரம் தேடின. நம் நாட்டில் பரிகாரம் பாட்டனாரின் கையிலேயே உள்ளது. சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். உயிரோடிருக்கையிலேயே ஹிபாவாக வழங்கலாம். அதற்கு நஸபு நிறுவப்படவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆகவே ஜமாஅத் பெரியோர்களை வேண்டுகிறோம்: நிக்காஹ் தஃப்தரில் ஒரு வரியும் விடுபடாமல் எழுதுங்கள். பாட்டனார்களை வேண்டுகிறோம்: பேரப்பிள்ளையை நெஞ்சார ஏற்றீர்களாயின், அதனைத் தாளிலும் எழுதி வையுங்கள். உங்கள் காலத்திற்குப்பின் அக்குழந்தை ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றப் படியில் நின்று, தான் யார் என்பதற்குச் சாட்சி தேடும் நிலை வாராதிருக்கட்டும்.