பாடாங் பெசார் போய்த் திரும்பினால் இன்னொரு 30 நாள் கிடைக்குமா?

மகள் பிரசவத்துக்கோ தைப்பூசத்துக்கோ தமிழ்நாட்டிலிருந்து பினாங்கு வரும் உறவினருக்கு 30 நாள் போதுவதில்லை. "ஹாட்யாய் போய் வாங்க, புதுசா 30 நாள் கிடைக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அதை அப்படியே நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா விலக்கு உண்டு. 2026 இறுதி வரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. ஒரு வருகைக்கு 30 நாள் வரை தங்கலாம். வேலை செய்யக் கூடாது, மாமா கடையாக இருந்தாலும்.

எல்லை தாண்டித் திரும்புவது சட்டப்படி புதிய நுழைவு. விடுவதும் மறுப்பதும் குடிநுழைவு அதிகாரியின் முடிவு. காலையில் போய் மாலையில் திரும்புபவரிடம் கேள்வி அதிகம் வரும். ஊர் திரும்பும் விமான டிக்கெட், தங்கும் முகவரி, செலவுக்குப் பணம் எல்லாம் கையில் இருக்கட்டும். மலேசிய மின்னியல் வருகை அட்டையை ஒவ்வொரு நுழைவுக்கும் முந்தைய மூன்று நாளுக்குள் புதிதாக நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் அதுபோல் ஓர் அட்டை கேட்கிறது. உள்ளே விட மறுத்தால், துணிமணி பட்டர்வொர்த்தில் கிடக்க, ஆள் ஹாட்யாயிலிருந்தே ஊர் போக வேண்டியதுதான்.

நோய், விபத்து என்றால் வழி வேறு. நாள் முடியும் முன்பே மருத்துவர் கடிதத்துடன் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்குச் சென்று கேளுங்கள். காலம் கடந்து தங்கினால் 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு பாயும்: 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.