முனகல் பீர் முதல் ஃப்ரீசர் டப்பா வரை: பிரசவத்துக்கு முன் சமைத்து வைத்த கதை

1/ டெலிவரிக்கு முன்னாடியே ஒரு மாதத்துக்கான குழம்பு, கூட்டு எல்லாம் சமைத்து ஃப்ரீசரில் அடுக்கி வைக்கிறார்கள். அமெரிக்காவில் இது சகஜம். அங்கே இருக்கும் நம்ம ஊர்ப் பெண்களும் செய்கிறார்கள். பார்க்க ஏதோ புது ஃபேஷன் மாதிரி இருக்கும். ஆனா இதோட வேர் 300 வருஷத்துக்கும் பழசு. வாங்க, அந்தக் கதையைப் பார்க்கலாம். (கொஞ்சம் நீளமான திரெட்.)

2/ 1677, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். சாமுவேல் சீவல் என்ற இளைஞர். பிற்காலத்தில் சேலம் சூனியக்காரி வழக்குகளில் நீதிபதியாக உட்கார்ந்தவர் இவர்தான். மனைவி நிறைமாதம். அந்த பிப்ரவரியில் மனைவிக்காக 'முனகல் பீர்' காய்ச்சியதைத் தன் டைரியில் குறித்து வைத்திருக்கிறார். முனகல் என்பது பிரசவ வலி முனகல். குழந்தை பிறந்தது ஏப்ரலில். அதாவது வலி வருவதற்குப் பல வாரம் முன்பே பீப்பாய் ரெடி.

3/ பீர் மட்டுமில்ல, 'முனகல் கேக்' என்றே ஒன்று உண்டு. இதெல்லாம் யாருக்கு? பிள்ளை பெற்றவளுக்கும், பிரசவம் பார்க்க வரும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும். அன்றைய இங்கிலாந்திலும் அப்படித்தான். பிரசவ அறையில் மருத்துவச்சியோடு ஐந்தாறு பெண்கள் கூடவே இருப்பார்கள். தாய் சுமார் ஒரு மாதம் வீட்டு வேலை எதையும் தொடமாட்டாள். ஓட்ஸ் கஞ்சியில் முட்டை, சர்க்கரை, மசாலா, கொஞ்சம் ஒயின் கலந்து 'காடில்' என்று ஒரு சூடான பானம் கொடுப்பார்கள்.

4/ அப்படிக் கூட வந்து நின்ற பெண்களுக்கு ஆங்கிலத்தில் 'காஸிப்' என்று பெயர். ஆமா, இன்னைக்கு வம்புப் பேச்சுக்குச் சொல்கிறோமே, அதே வார்த்தைதான். முதலில் அதற்கு ஞான உறவு என்று அர்த்தம். பிறகு பிரசவத்துக்குத் துணை வரும் தோழிகளைக் குறித்தது. அதற்கும் பிறகுதான் வம்பு. பெண்கள் நாலு பேர் ஒரு அறையில் கூடினால் ஊர் என்ன பேர் வைக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா!

5/ தென்சீனத்துக்குப் போவோம். குவாங்டாங் பகுதியில் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே முற்றிய இஞ்சியை இனிப்பான கறுப்பு வினிகரில் கொதிக்க வைத்து, மண்பானையில் ஊற விடுவார்கள். குழந்தை பிறந்ததும் அதில் பன்றிக்கால், முட்டை சேர்த்துத் தாய்க்குக் கொடுப்பார்கள். பார்க்க வருகிறவர்களுக்கும் அதே பானையிலிருந்துதான் விருந்து.

6/ நம்ம வீட்டில்? சுக்கு, மிளகு, திப்பிலி இடித்து, கருப்பட்டிப் பாகில் நெய் விட்டுக் கிளறிய பிரசவ லேகியம். மகளுக்கு மாதம் நெருங்கும்போதே அம்மாக்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விடுவார்கள். இதுவும் முன்கூட்டியே செய்து வைப்பதுதான்.

7/ மூன்றையும் ஒரு டாக்டர் கண்ணோடு பாருங்க. பீரில் ஆல்கஹால். வினிகரில் அமிலம். லேகியத்தில் கெட்டியான வெல்லப்பாகு, அதாவது கிருமி வளரத் தேவையான தண்ணீர் கிடைக்காத நிலை. பாக்டீரியா என்ற சொல்லே தெரியாத காலத்தில், கெட்டுப்போகாமல் வைக்க மூன்று ஊர்கள் கண்டுபிடித்த மூன்று வழி. (கர்ப்ப காலத்தில் ஆல்கஹால் கூடவே கூடாது. இது இன்றைய மருத்துவம். சீவல் காலத்தில் யாருக்கும் தெரியாது.)

8/ நாலாவது வழி, குளிர். இதற்கு ஒரு ஆள் பெயர் சொல்ல வேண்டும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912-ல் கனடாவின் லாப்ரடார் பனிக்கரைக்கு நரித்தோல் வியாபாரத்துக்குப் போன அமெரிக்கர். அங்கே இனுயிட் மக்கள் கடும் குளிரில் மீன் பிடிப்பதைப் பார்த்தார். தண்ணீரை விட்டு வெளியே வந்த மீன் உடனே கல்லாக உறைகிறது. மாசக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புது மீன் ருசி!

9/ காரணம் வேகம். மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள் உருவாகித் திசுவைக் கிழித்துவிடும். உருகும்போது சொதசொதன்னு ஆகும். வேகமாக உறைந்தால் துகள்கள் சின்னது, சேதம் குறைவு. பிறகு மனைவியையும் சில வாரமே ஆன கைக்குழந்தையையும் அதே பனிக்கு அழைத்துப் போனார். குடும்பத்துக்குக் காய்கறி வேண்டுமே? முட்டைக்கோஸை உப்புத்தண்ணீர் பீப்பாயில் போட்டு உறைய வைத்தார். பின்னாளில் உலகையே மாற்றிய ஃப்ரோஸன் உணவுத் தொழிலின் ஆரம்பத்தில் ஒரு பச்சைக்குழந்தை இருக்கு!

10/ 1929-ல் அவர் கம்பெனி 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலை போனது. 1930 மார்ச்சில் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற ஊரின் கடைகளில் உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் டின்னுக்குத் தகரத் தட்டுப்பாடு வர, மக்கள் உறைந்த உணவுக்குப் பழகினார்கள். போர் முடிந்ததும் வீட்டுக்கே ஃப்ரீசர் வந்தது.

11/ அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1940-ல் அமெரிக்கப் பிரசவங்களில் பாதிக்குச் சற்று மேல் மருத்துவமனையில். 1950-ல் சுமார் 88 சதவீதம். உயிர்கள் காப்பாற்றப்பட்டன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிரசவம் வீட்டை விட்டுப் போனதும், கூட நின்ற அந்த ஐந்தாறு பெண்களும் காணாமல் போனார்கள். கணவன் வேலைக்கு, தாய் தனி வீட்டில், கையில் குழந்தை. சமைக்க யார்? ஃப்ரீசர்!

12/ எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். முனகல் பீரை சீவல் வீட்டில் காய்ச்சினார்கள். இஞ்சி வினிகரைக் குடும்பம் கொதிக்க வைத்தது. லேகியத்தை அம்மா கிளறினாள். ஃப்ரீசரைப் பெரும்பாலும் நிரப்புவது யார்? கால் வீங்கி, இடுப்பு வலியோடு அடுப்படியில் நிற்கிற அந்தக் கர்ப்பிணியே. ஊர் சேர்ந்து செய்த வேலை ஒருத்தி தலையில் வந்து விழுந்திருக்கு.

13/ இன்னொரு முட்டைக்கோஸ் கதையும் சொல்லணும். 1981, கனடா. கர்ப்பிணிகளும் சிசுக்களும் லிஸ்டீரியா என்ற கிருமியால் பாதிக்கப்பட்டார்கள். மொத்தம் 41 கேஸ். அதில் 34 கர்ப்பம், சிசு சம்பந்தப்பட்டவை. கரு இறந்த துயரங்களும் நடந்தன. துப்பறிந்து பார்த்தால், பச்சை முட்டைக்கோஸ் சாலட்! ஆட்டு எரு போட்ட நிலத்தில் விளைந்து, குளிர்காலம் முழுக்கக் குளிர்கிடங்கில் இருந்த கோஸ். பெரும்பாலான கிருமிகள் முடங்குகிற குளிரிலும் லிஸ்டீரியா மெல்ல வளரும். அது உணவு வழியாகப் பரவுகிறது என்று தெளிவாக நிரூபித்த முதல் சம்பவம் இதுதான்.

14/ தாய்க்கு லேசான காய்ச்சல்தான் இருக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைப் பிடித்துவிடும். ஃப்ரீசர் இந்தக் கிருமியை வளரவிடாது. ஆனால் கொல்லாது. கொல்வது சூடு. அதனால்:

– சமைத்ததை 2 மணி நேரத்துக்குள், நம்ம வெயிலில் 1 மணி நேரத்துக்குள், ஆற வைத்து உள்ளே வையுங்க. பெரிய பாத்திரம் வேண்டாம், ஒருவேளைக்கான சின்ன, தட்டையான டப்பா.
– மைனஸ் 18 டிகிரி. டப்பா மேல் தேதி.
– உறைந்ததை வெளியே வைத்து உருக்காதீங்க. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகட்டும்.
– ஆவி பறக்க, நடுப்பகுதி வரை சூடாக்கிச் சாப்பிடுங்க. சூடாக்கியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.
– கரண்ட் போனால் திறக்காதீங்க. நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24.

15/ பிரசவமான பெண்ணுக்கு முதல் ஆறு வாரம் ரத்தம் ஊறணும், பால் சுரக்கணும், தையல் ஆறணும். இதற்கு நேரத்துக்குச் சாப்பாடு வேணும். கூடவே, அந்தச் சாப்பாட்டுக்காக அவள் அடுப்படிக்குப் போகாமல் இருக்கணும். கணவன்மார்களே, மாமியார்களே, தோழிகளே, அடுத்த முறை குழந்தையைப் பார்க்கப் போகும்போது குட்டிச் சட்டை ஏற்கனவே பத்து இருக்கும். ஒரு டப்பா பூண்டுக் குழம்பு எடுத்துட்டுப் போங்க. போன டப்பாவையும் நீங்களே கழுவி எடுத்துட்டு வாங்க.