தொழிலாளி முதலாளியான வழி: திருப்பூர் பனியன் தொழிலில் தொழில்முனைவின் வரலாறு

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மூத்த தலைமுறையினரிடம் எப்படி இந்த நிலைக்கு வந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் உழைப்பு என்றே பதில் வரும். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃபிரட்டர்னல் கேப்பிடல்’ என்ற நூல் இந்தப் பதிலிலிருந்தே தன் விசாரணையைத் தொடங்குகிறது. சிறு விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று, பிறகு முதலாளிகளான கவுண்டர்களின் வரலாறு அது. அவர்களுடைய உழைப்பு உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எந்த ஆய்வாளருக்கும் உரிமை இல்லை. ஆனால் உழைத்தவர்கள் எல்லோரும் முதலாளிகள் ஆகிவிடவில்லை. உழைப்பை முதலாக மாற்றித் தந்த ஏற்பாடுகள் எவை, அவை யாருக்குக் கிடைத்தன, இன்று அவற்றில் எவை மிஞ்சியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பனியனுக்கு முன்பே திருப்பூர் பஞ்சுச் சந்தையாகவும் ஜின்னிங் ஆலைகளின் ஊராகவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கு நாட்டில் பரவிய கம்போடியா பருத்தி, ரயில் பாதை, 1930களில் வந்த பைக்காரா மின்சாரம் ஆகியவை இதற்கு அடித்தளம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பின்னலாடை எந்திரங்கள் இங்கே வந்தன. அப்போது பனியன் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் கல்கத்தா. திருப்பூரில் முதலில் கம்பெனி வைத்தவர்களில் முஸ்லிம்கள், செட்டியார்கள், முதலியார்கள் எனப் பல வணிகச் சமூகத்தினர் இருந்தனர். கவுண்டர்கள் அந்த முதல் வரிசையில் இல்லை.

நாடு விடுதலை பெற்ற பிறகான இருபது ஆண்டுகளில் நிலைமை மாறியது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய சிறு நிலக்காரக் குடும்பங்களிலிருந்து இளைஞர்கள் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தார்கள். பண்ணையாட்களோடு தானும் இறங்கி வேலை செய்வது கொங்கு நிலக்காரரின் வழக்கம். ஆட்களைப் பக்கத்தில் நின்று வேலை வாங்குவதும் அதோடு சேர்ந்தது. வயலில் கற்ற இந்த இரட்டைப் பழக்கம் கம்பெனிக்குள் கைகொடுத்தது என்பது சாரியின் வாதம். அதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். கட்டிங், தையல் என்று துறைதுறையாகப் பழகியவர்கள் துணியை மட்டுமல்லாமல், ஆட்களை நடத்தும் விதத்தையும் கணக்கையும் கற்றார்கள்.

இனி, அவர்கள் ஏறிய ஏணியின் படிகளைப் பார்க்க வேண்டும். ஒரு பனியன் நூலாக வந்து பெட்டியில் போகும் வரை நிட்டிங், பிளீச்சிங், சாயம், காலண்டரிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எனப் பல கைகள் மாறுகிறது. திருப்பூரில் இவற்றில் ஒவ்வொன்றும் தனித் தொழிலாக, ஜாப் ஒர்க்காகப் பிரிந்து நின்றது. அதனால் ஒருவர் முழு ஆலை தொடங்கத் தேவையில்லை. பவர் டேபிள்கள் எனப்படும் தையல் எந்திர மேசைகள் சில இருந்தால் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுத்து, பீஸ் ரேட்டில் கூலி பெறலாம். முதல் படி, வேலை செய்த கம்பெனிக்குள்ளேயே ஒரு குழுவைச் சேர்த்துக் காண்டிராக்ட் எடுப்பது. அடுத்தது, செகண்ட் ஹேண்ட் எந்திரங்களோடு தனி இடம். அதன் பிறகே சொந்தப் பெயரில் கம்பெனி. மூலதனம், நிலத்தின் மேல் வாங்கிய கடனிலிருந்தும் நகையிலிருந்தும் சீட்டிலிருந்தும் மாமன் மச்சான் கைமாற்றிலிருந்தும் வந்தது. நூல் வியாபாரி கடனுக்கு நூல் கொடுத்தார். பணம் போட ஒருவர், தொழில் தெரிந்த ஒருவர் எனப் பங்காளிகளாகத் தொடங்கி, வளர்ந்ததும் பிரிந்து தனித்தனிக் கம்பெனி வைப்பது வழக்கமாயிற்று. இப்படிப் பிரிந்து பெருகும் தன்மையைப் பொருளியல் ஆய்வாளர் பமேலா காதோர்ன் 1990களிலேயே கவனித்து எழுதினார்.

அரசின் கொள்கையும் இதே திசையில் தள்ளியது. பின்னலாடை நீண்ட காலம் சிறுதொழில் துறைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. முதலீட்டு வரம்பைத் தாண்டாமல் வளர நினைத்தவருக்கு ஒரு கம்பெனியைப் பெரிதாக்குவதைவிட இரண்டு கம்பெனிகளாக்குவதே லாபம். ‘தானாக வளர்ந்த ஊர்’ என்று திருப்பூரைப் புகழ்பவர்கள் இந்தச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று நான் கருதுவது இதைத்தான். எதிரெதிரே நின்றவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரே டேபிளில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அதன் பிறகு வேலை இன்னும் சிறு சிறு யூனிட்டுகளாக உடைந்தது. காண்டிராக்ட் முறை பரவியது. சங்கங்களின் பிடி தளர்ந்தது. புதிதாக முதலாளியாகும் வாய்ப்பும், தொழிலாளியாகவே இருப்பவரின் பாதுகாப்பின்மையும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தன.

அதே காலத்தில் ஏற்றுமதிக் கதவும் திறந்தது. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார்கள். 1980களில் மற்ற ஐரோப்பிய நிறுவனங்கள் தொடர்ந்தன. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. வெளிநாட்டு ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் வாங்க முடிந்ததால், உறவினர் கடனோடு வங்கிக் கடனும் சேர்ந்தது.

அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. 1990களின் தொடக்கத்து ஏற்றுமதி நிறுவனங்களை ஆராய்ந்தபோது, கவுண்டர் நிறுவனங்கள் அதிக மூலதனத்தோடு தொடங்கியிருந்தன. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த மூலதனத்தோடு தொடங்கியும் ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்தார்கள். ஆக, பணம் திறமையைத் தேடிப் போகவில்லை. தெரிந்த முகத்தைத் தேடிப் போனது. உள்ளூர்க்காரர் உழைக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. உழைப்போடு சேர்ந்து நின்ற நம்பிக்கைக்கும் உறவுக்கும் ஒரு விலை இருந்தது, அதை வெளியே நின்றவர் கொடுத்தார் என்பதே பொருள்.

வெளியே நின்றவர்களில் எல்லோரும் தொலைவிலிருந்து வந்தவர்கள் அல்ல. பெண்கள் நெடுங்காலம் செக்கிங்கிலும், துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையிலும் நிறுத்தப்பட்டார்கள். கட்டிங்கிலோ தையலிலோ பழக வாய்ப்பில்லாத ஒருவருக்குக் காண்டிராக்ட் எடுக்கும் முதல் படியே எட்டாது. சுற்று வட்டாரக் கிராமங்களில் கியர்ட் டி நீவும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் செய்த ஆய்வுகள் அருந்ததியர் நிலையைப் பதிவு செய்கின்றன. பனியன் வேலை அவர்களைப் பண்ணை வேலையிலிருந்து விடுவித்தது. மேலே ஏற்றியது மிகக் குறைவு. ஈடு வைக்க நிலம் இல்லை, கைமாற்றுக் கொடுக்கும் நிலையில் மச்சானும் இல்லை. எட்டு மணி நேரம் தாண்டியும் ஒரே டேபிளில் உழைத்த இருவரில் ஒருவர் மட்டும் முதலாளியானதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

2005 தொடக்கத்தில் உலக ஜவுளிக் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. பெரிய வாங்குநர்கள், தாங்கள் தணிக்கை செய்யக்கூடிய பெரிய ஆலைகளை விரும்பினர். நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையையும் அதன் கீழுள்ள வயல்களையும் பாழாக்கியதால் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதி நியாயமானது. முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் அதன் செலவைச் சிறு பட்டறைக்காரர் தாங்குவது கடினம். சாயத்தொழிலில் ஏணியின் கீழ்ப்படிகள் இப்படி மறைந்தன. 2016 பணமதிப்பு நீக்கமும் 2017 ஜிஎஸ்டியும் ரொக்கத்திலும் வாய்ப்பேச்சிலும் ஓடிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளை மேலும் நெருக்கின.

இன்று டேபிள்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலரேனும் காண்டிராக்ட் எடுக்கும் படிவரை வருகிறார்களா, அவர்களுக்கு நூலைக் கடனுக்குத் தருபவர் யார் என்பதைத் தனியே ஆராய வேண்டும். தொடங்கிய சில ஆண்டுகளில் மூடிய யூனிட்டுகளின் வரலாறும் இன்னும் எழுதப்படவில்லை. பங்காளி ஒப்பந்தப் பத்திரங்களும் நூல் கடைகளின் பழைய கணக்கு நோட்டுகளும் கிடைத்தால் அங்கிருந்து தொடங்கலாம்.