நாயுடுவின் இரண்டாயிரம் ரூபாய்க் கார்



அரும்பாடுபட்டுச் செய்த ஒரு நல்ல பொருள், மக்கள் கைக்கு வந்து சேராமலே போவதுண்டு. ஏன் அப்படி? இதற்கு விடை தரும் ஒரு வரலாற்றை இன்று பார்ப்போம்.

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. டி. நாயுடு. உழவர் வீட்டுப் பிள்ளை. படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். அப்படி ஒன்றை வாங்குவதற்காகவே சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மறுபடியும் பூட்டிப் பார்த்தார். அந்த வண்டியே அவருக்குக் கல்லூரி.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படும் மோட்டாரைச் செய்தார். அந்தத் தொழில் வேரூன்றியது. மோட்டாருக்கும் தண்ணீர் பம்புக்கும் கோயம்புத்தூர் இன்றும் பெயர் பெற்றிருக்கிறது.

1952-இல் அவர் செய்து காட்டியது இருவர் அமரும் பெட்ரோல் கார். விலை இரண்டாயிரம் ரூபாய்தான். கார் என்றால் செல்வர் வீட்டுப் பொருள் என்றிருந்த காலம் அது. ஆனால் அந்தக் கார் பெருகவில்லை. அரசாங்கம் உரிமம் தர மறுத்தது, உற்பத்தி நின்றது.

மின்மோட்டார் வென்றது, கார் ஏன் தோற்றது? இடையில் சட்டம் மாறிவிட்டது. 1951-இல் வந்த தொழில் சட்டத்தின்படி, அதன் பட்டியலில் இடம்பெற்ற பெரிய தொழில்களை உரிமம் இல்லாமல் தொடங்க முடியாது. அந்நியச் செலாவணி குறைவாக இருந்த நாட்டில், கார்த் தொழிலை ஒரு சில நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்ள அரசு எண்ணியது. ஒரு காரைப் பட்டறையில் செய்துவிடலாம். ஆயிரம் கார் செய்ய இரும்பு, டயர், கண்ணாடி, முதலீடு, அனுமதி எல்லாம் ஒன்றுகூட வேண்டும்.

நம் நாட்டையே பாருங்கள். 1983-இல் புரோட்டோன் நிறுவனம் அமைந்தது. அரசாங்கமே முன்னின்றது; ஜப்பானின் மிட்சுபிஷி தொழில்நுட்பம் தந்தது; வெளிநாட்டுக் கார்களுக்கு வரி கூடுதல். 1985-இல் ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்து சாகா கார் வெளிவந்தது. சுங்கை வேயிலிருந்து அது தொலைவில்லை. நாயுடுவுக்கு அத்தகைய துணை எதுவும் வாய்க்கவில்லை.

பெற்றோர்களே, பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் பையனைத் திட்டாதீர்கள். அவன் கை வேலை கற்கிறது. அதோடு கணக்கு எழுதவும், விண்ணப்பம் எழுதவும், சட்டம் படிக்கவும் அவனைப் பழக்குங்கள். கைத்திறன் ஒரு காரைச் செய்யும். அதை ஊரெல்லாம் ஓட வைக்க இவையும் வேண்டும்.