செத்தவர் எழுதினால் ராயல்டி யாருக்கு?

1944-ல் ரியோ டி ஜெனிரோ நீதிமன்றத்துக்கு விசித்திரமான வழக்கு ஒன்று வந்தது. வழக்குப் போட்டவர் பிரேசிலின் புகழ்பெற்ற எழுத்தாளர் உம்பெர்ட்டோ டி காம்போஸின் மனைவி. கணவர் இறந்து பத்து வருடம் ஆகிவிட்டது. ஆனால் 1937-லிருந்து அவர் பெயரில் புதுப்புதுப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை எழுதிய கை ஷிக்கோ சேவியருடையது. பெட்ரோ லியோபோல்டோ என்ற சிற்றூரில் அரசுப் பண்ணைக் குமாஸ்தா. படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. எழுதுவது நானில்லை, காம்போஸின் ஆவி என்பார் அவர்.

அந்த அம்மாள் கெட்டிக்காரர். இது என் கணவர் எழுத்துதானா என்று நீதிமன்றம் சொல்லட்டும். ஆமென்றால் ராயல்டி எங்களுக்கு வரவேண்டும், இல்லையென்றால் மோசடி செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்டார். நீதிபதி அவரைவிடக் கெட்டிக்காரர். ஆவி உண்டா இல்லையா என்ற பக்கமே போகவில்லை. மரணத்தோடு ஒருவரின் சட்ட உரிமைகள் முடிந்துவிடுகின்றன, உயிரோடு இருந்தபோது எழுதியதற்குத்தான் வாரிசுகளுக்குக் காப்புரிமை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார். மேல்முறையீடும் எடுபடவில்லை. ஆனாலும் வம்பு வேண்டாமென்று, அதற்குப் பிறகு வந்த புத்தகங்களில் அந்த ஆவியின் பெயர் 'சகோதரர் எக்ஸ்' ஆனது!

பாரிஸ் வரவேற்பறைகளில் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்த ஆவிகள் பிரேசில் நீதிமன்றம் வரை வந்தது எப்படி?

அதற்கு ஆலன் கார்டெக்கிடமிருந்து தொடங்க வேண்டும். லியோன் நகரில் 1804-ல் பிறந்த பள்ளி ஆசிரியர், பாடநூல் ஆசிரியர். இயற்பெயர் ரிவாய். மீடியம்கள் மூலம் ஆவிகளிடம் கேட்ட கேள்விகளையும் கிடைத்த பதில்களையும் பாடநூல் மாதிரியே வரிசைப்படுத்தி, 1857-ல் 'ஆவிகளின் நூல்' வெளியிட்டார். ஆவிகளோடு பேசுவது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏற்கெனவே பரவியிருந்தது. கார்டெக் அதில் சேர்த்தது மறுபிறவி. நமக்கு அது பாட்டி சொன்ன சங்கதி. அன்றைய கத்தோலிக்க ஐரோப்பாவுக்கோ நெருப்பு. 1861-ல் பார்சிலோனாவில் ஆயர் உத்தரவின்பேரில் சுமார் 300 ஆவியுலகப் புத்தகங்களையும் இதழ்களையும் பொது இடத்தில் போட்டு எரித்தார்கள். அதைவிட நல்ல விளம்பரத்தை கார்டெக் காசு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது.

கார்டெக்கின் புத்தகங்கள், பிரெஞ்சு படித்த பிரேசில் டாக்டர்கள், வக்கீல்கள், ராணுவ அதிகாரிகள் கைக்குப் போயின. 1884-ல் ரியோவில் பிரேசில் ஆவியுலகக் கூட்டமைப்பு உருவானது. ஆறே வருடத்தில் இடி விழுந்தது. புதிய குடியரசின் 1890-ம் ஆண்டுக் குற்றவியல் சட்டம், பில்லிசூனியத்தோடு ஆவியுலக வழக்கத்தையும் ஒரே பிரிவில் வைத்தது. ஒன்று முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம். ஆவி வந்த மீடியம்கள் ஏழைகளுக்கு ஹோமியோபதி மருந்து எழுதிக் கொடுத்தது டாக்டர்களின் கண்ணை உறுத்தியதும் ஒரு காரணம்.

அறிவியல் என்று வாதாடியிருந்தால் இயக்கம் அங்கேயே முடிந்திருக்கும். இது மதம், தர்மம் என்று சொன்னதால் பிழைத்தது. 'ஏழைகளின் மருத்துவர்' என்று பெயரெடுத்த பெசேர்ரா டி மெனெசஸ் 1895-ல் கூட்டமைப்பின் தலைவரானது அந்தத் திருப்பத்தை உறுதி செய்தது. கார்டெக் தன் கொள்கையை ஆராய்ச்சி என்றுதான் நினைத்தார். பிரான்சில் அது மெல்ல ஓய்ந்தது. பிரேசிலில் சூப் ஊற்றியது, துணி கொடுத்தது, தலைக்கு மேல் கை வைத்து 'பாஸ்' கொடுத்து ஆறுதல் சொன்னது. எல்லாம் இலவசம். இயக்கம் அங்கே வேர்பிடித்ததற்கு ஆவிகளைவிட அந்தச் சூப்புக்குத்தான் அதிகப் பங்கு என்பது என் கட்சி.

மறுபடி ஷிக்கோவிடம் வருவோம். 1932-ல் இறந்துபோன கவிஞர்களின் பெயரில் அவர் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அப்போது உயிரோடிருந்த இதே காம்போஸ்! செத்த கவிஞர்கள் இப்படிப் போட்டிக்கு வந்தால் உயிரோடிருப்பவன் பிழைப்பு என்னாவது என்று கிண்டலடித்திருந்தார்.

1959-ல் ஷிக்கோ ஊபெராபா நகருக்குக் குடிபோனார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் நாடெங்கிலுமிருந்து அங்கே வந்து வரிசையில் நின்றார்கள். இடது கையால் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை பென்சிலோடு தாளில் ஓடும். தாள் நிரம்ப நிரம்ப, பக்கத்தில் இருப்பவர் உருவியெடுத்து அடுத்ததை வைப்பார். பிறகு கடிதங்களை உரக்கப் படிப்பார்கள். 'அம்மா' என்று தொடங்கி, வீட்டுச் செல்லப்பெயர்கள், தாத்தா பாட்டி பெயர்களோடு போகும் கடிதம். எங்கோ ஒரு மூலையிலிருந்து அழுகை வெடிக்கும். வந்தவர்களிடம் முன்கூட்டியே பேச்சுக்கொடுத்து விவரம் கறந்துவிடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் அன்றும் உண்டு. 1958-ல் அவருடைய சொந்தச் சகோதரி மகனே எல்லாம் பித்தலாட்டம் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டு, பின்னர் வாபஸ் வாங்கினார். ஒன்றை மட்டும் யாரும் மறுக்கவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களின் வருமானத்தை ஷிக்கோ தர்மத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, குமாஸ்தா சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் வாழ்ந்தார்.

ஆவிகள் திரும்பவும் கோர்ட் ஏறின. 1976-ல் கோயானியா நகரில் ஓர் இளைஞன், நண்பன் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து இறந்தான். 'நண்பன் மேல் குற்றமில்லை' என்ற பொருளில், இறந்தவன் பெயரில் ஷிக்கோ எழுதிய கடிதம் வழக்கில் தாக்கலானது. 1979-ல் நீதிபதி நண்பனை விடுதலை செய்தார். தீர்ப்பில் அந்தக் கடிதத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். 1944-ன் நீதிபதி எட்டிப்பார்க்கவும் மறுத்த கதவு அது.

நாடே சந்தோஷமாக இருக்கும் ஒரு நாளில் சாக வேண்டும் என்று ஷிக்கோ சொல்லிவந்தாராம். 2002 ஜூன் 30 அன்று, 92 வயதில் அவர் உயிர் பிரிந்தது. அன்றுதான் யோகோஹாமாவில் ஜெர்மனியை வென்று பிரேசில் உலகக் கோப்பையைத் தூக்கியது. அவர் போன பிறகும் இயக்கம் நின்றது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 38 லட்சம் பிரேசிலியர்கள் தங்கள் மதம் ஆவியுலகக் கொள்கை என்று பதிந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பின் பெரிய மதப் பிரிவுகளில், பட்டதாரிகள் விகிதத்தில் இவர்களே முன்னால் இருந்தார்கள்.

தன் பெயரில் கண்டவர்களும் கடிதம் எழுதக் கிளம்புவார்கள் என்று ஷிக்கோவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால், நெருங்கிய மூன்று பேரிடம் மட்டும் ஒரு ரகசிய அடையாளத்தைச் சொல்லிவிட்டுப் போனார் என்கிறார்கள். எதிர்பார்த்தபடியே, ஷிக்கோ எங்கள் கையால் எழுதினார் என்று பல மீடியம்கள் தாள்களோடு வந்தார்கள். அந்த மூவரில் ஒருவரான அவருடைய வளர்ப்பு மகன், அடையாளம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

(தொடரும்)